நீலத்தை உதிர்க்கும் நொதிகள்

முளைகட்டிய கேழ்வரகை அரைத்துக் கூழ் காய்ச்சினால் அது வழக்கமான கூழைப்போல இறுகாது என்பதும், தளர்ந்து நின்று இலேசாக இனிக்கவும் செய்யும் என்பதும் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கைக்குழந்தை வளர்த்த எந்தத் தாய்க்கும் தெரியும். தானியம் முளைவிடும்போது அதற்குள் அமைலேஸ் என்னும் நொதி, அதாவது வேதிவினையை விரைவாக்கும் ஒரு புரதம், சுரக்கிறது. மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து மெல்லச் சூடேற்றும்போது, கொதிநிலையை எட்டும் முன்னரே அந்த நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிச் சிறு சர்க்கரைகளாக்கிவிடுகிறது. தருமபுரியில் வேதியியல் படித்து முடித்தவுடன் ஓசூர்ப் பக்கம் ஜீன்ஸைத் துவைத்து வெளுக்கும் ஒரு வாஷிங் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்து, புது ஜீன்ஸுக்குக் கொடுக்கும் முதல் குளியலும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அங்கே டப்பாவிலிருந்து அளந்து ஊற்றிய அமைலேஸ், வீட்டில் முளைவிட்ட கேழ்வரகு, அவ்வளவுதான் வேறுபாடு.

அந்த வேலையை விட்டு ஊருக்கு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்ற மாதம் பர்கூருக்கு ஜவுளி எடுக்கப் போனபோது, கஞ்சி விறைப்பு மாறாத டெனிம் என்னும் ஜீன்ஸ் துணி கண்ணில் பட்டதால், அரை மீட்டர் வெட்டி வாங்கி வந்து வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்த்தேன். முளைகட்டி நிழலில் உலர்த்திய கேழ்வரகு கால் கிலோவைக் குருணையாக அரைத்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி எடுத்த நீரில் டெனிமை அமிழ்த்தி, அடுப்பைச் சிறு தீயில் வைத்து 60 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் ஒன்றரை மணி நேரம் காத்தேன். அடுப்படியில் நின்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கண்டு, "என்னடா இது, பேண்ட்டுத் துணிக்கும் கூழா?" என்று அம்மா கேட்டார்கள். கேள்வி சரியானதுதான். வெளியே எடுத்து அலசியபோது, அட்டையைப்போல விறைத்திருந்த துணி, நான்கு முறை துவைத்த துணியைப்போலக் கையில் துவண்டது.

கஞ்சி உண்மையில் போயிற்றா என்று பார்க்க அயோடின் சோதனை உண்டு. மாவுச்சத்து இருக்கும் இடத்தில் அயோடின் பட்டால் கருநீலமாக மாறும். இல்லாவிட்டால் அதன் மஞ்சள் பழுப்பு நிறமே நிற்கும். காயத்துக்குப் பூசும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டைத் துணியின் மேலேயே விட்டுவிட்டு, நீலத் துணியில் நீலத்தைத் தேடிக்கொண்டு சிறிது நேரம் நின்றேன் என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு கஞ்சி போகாத துண்டு ஒன்றையும் போன துண்டு ஒன்றையும் தனித்தனியே கொதிக்கவைத்து, அந்த நீர் நன்றாக ஆறிய பிறகு சொட்டு விட்டபோது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. முதல் கிண்ணத்து நீர் மைபோலக் கறுத்தது. இரண்டாவது கிண்ணத்தில் மங்கலான பழுப்புக்கு மேல் எதுவும் வரவில்லை.

இந்தக் கஞ்சியை முதலில் எடுக்காவிட்டால் அடுத்து வரும் எந்த வேலையும் ஒழுங்காக நடக்காது. தறியில் பாவு நூல் அறாமல் இருக்கப் பூசிய கஞ்சி, துணிமேல் ஒரு தோலைப்போல நின்று நொதியையும் நீரையும் தடுக்கிறது. அதற்கும் மேலாக, விறைத்த துணி வாஷிங் மிஷினில் புரளும்போது மடிந்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் மடிந்து, வெள்ளைக் கோடுகளைத் துணியிலேயே நிரந்தரமாகப் போட்டுவிடும். அந்தக் கோடு விழுந்த உருப்படியை எந்த வாஷிங் மாஸ்டராலும் மீட்க முடியாது.

ஜீன்ஸ் ஏன் இவ்வளவு எளிதாக வெளுக்கிறது என்பதற்குக் காரணம், அது சாயமேறும் விதத்தில் இருக்கிறது. டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மட்டுமே நீலம். குறுக்கே ஓடும் ஊடை வெள்ளையாகவே இருக்கும். சாய்வு நெசவில் பாவு மூன்று ஊடைகளின் மேலே ஏறி ஒன்றின் கீழே இறங்குவதால்தான் வெளிப்பக்கம் நீலமாகவும் உட்பக்கம் வெளிறியும் தெரிகிறது. நம் முன்னோர் அவுரிச் செடியிலிருந்து எடுத்ததும், 1897 முதல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் ஆலையில் செய்து விற்றதும் ஒரே இண்டிகோதான். இந்த நீலம் நீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசல்ஃபைட்டும் சேர்த்தால் மஞ்சள் கலந்த பச்சையாகக் கரையும். நூலை அதில் தோய்த்துக் காற்றில் காட்டினால் கண்ணெதிரே நீலமாகத் திரும்பி நூலிலேயே தங்கிவிடும். ஆலையில் பொதுவாக 6 முதல் 8 முறை தோய்த்து உயர்த்துகிறார்கள். அப்படியும் நீலம் நூலின் உள்ளே இறங்குவதில்லை. நூலைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், வெள்ளை நடுவைச் சுற்றி ஒரு நீல வளையம் மட்டுமே தெரியும். ஜீன்ஸை வெளுப்பது என்பது அந்த வளையத்தை மேலாகச் சுரண்டுவதுதான். எதைக்கொண்டு சுரண்டுவது என்பதில்தான் ஐம்பது ஆண்டுக் காலச் சண்டை நடக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கல்லைக்கொண்டுதான் சுரண்டினோம். துருக்கியிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் பியூமிஸ் என்னும் எரிமலைக் கல், நீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்தது, ஆனால் உப்புத்தாளைப்போல உராயும். துணியின் எடைக்கு ஏறக்குறையச் சம எடைக் கல்லை மிஷினில் கொட்டி ஒரு மணி நேரம் சுழற்றுவோம். வெளியே எடுத்த பிறகு ஒவ்வொரு ஜீன்ஸின் ஐந்து பாக்கெட்டிலும் கையை விட்டுக் கல்லைப் பொறுக்கி எடுக்க இரண்டு பெண்கள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய நகக்கண்கள் வெந்து எப்போதும் வெளுத்திருக்கும். தேய்ந்த கல் சாம்பல் நிறச் சேறாகி வடிகாலை அடைத்துக்கொள்ள, வாரத்தில் ஒரு நாள் அதை மண்வெட்டியால் வாரிக் கொட்டுவது வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. கல்லுக்கு மேல் வெளுக்க வேண்டுமென்றால் சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச். தொடைப்பகுதியில் மட்டும் வெளுக்கப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஸ்ப்ரே. மணலைப் பீய்ச்சி வெளுக்கும் முறை இவை எல்லாவற்றையும் விடக் கொடியது; அந்தத் தூசியால் தொழிலாளர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போனதைக் கண்டு துருக்கி 2009ஆம் ஆண்டு அதைத் தடை செய்தது.

கல்லின் இடத்துக்கு வந்த செல்லுலேஸ் நொதியின் கதை ஒரு போர்க்களத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது தென் பசிபிக்கின் சாலமன் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் சாமான்களும் இற்றுப்போவதற்குக் காரணம் தேடியவர்கள், ஒரு பச்சைப் பூஞ்சையைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பூஞ்சை செல்லுலேஸைச் சுரந்து, பருத்தியின் இழைப்பொருளான செல்லுலோஸை வெட்டிச் சர்க்கரையாக்கி உண்டது. பின்னாளில் அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவரின் நினைவாக அதற்கு டிரைக்கோடெர்மா ரீசை என்று பெயர் வைத்தார்கள். படையின் துணியைக் காப்பாற்றுவதற்காகத் தேடிப் பிடித்த பகைவனையே, 1980களின் பிற்பகுதியிலிருந்து, துணியை அளவாகக் கெடுப்பதற்காக மிஷினில் ஊற்றத் தொடங்கினார்கள்.

நொதி வெட்டுவது நீலத்தை அன்று, நீலம் ஒட்டியிருக்கும் பருத்தியை. செல்லுலேஸ் மூலக்கூறு பெரியது; இழையின் உள்ளே எளிதில் நுழையாமல் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளையே முதலில் வெட்டித் தளர்த்துகிறது. தளர்ந்த நுண்ணிழை, மிஷினில் துணியோடு துணி உராயும்போது உதிர்கிறது; அதனோடு நீலமும் போகிறது. ஆகவே நொதியை ஊற்றித் துணியை அசையாமல் ஊறப்போட்டால் நிறம் பெரிதாக மாறாது, பலம் மட்டும் குறையும். தையல் மடிப்பு, பாக்கெட் விளிம்பு, இடுப்புப் பட்டி போன்ற மேடான இடங்கள் அதிகம் உராய்வதால் அங்கே அதிகம் வெளுத்து, பள்ளங்களில் நீலம் நிற்பதைத்தான் கடைக்காரர் "நல்ல கான்ட்ராஸ்ட்" என்கிறார்.

செல்லுலேஸில் அமில வகை, நடுநிலை வகை என இரண்டு உண்டு. அமில வகை பிஎச் (நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 4.5 முதல் 5.5 வரையிலும், 45 முதல் 55 டிகிரி வரையிலும் வேகமாக வெட்டும், விலையும் குறைவு. ஆனால் உதிர்ந்த நீலம் மறுபடியும் துணியில் ஒட்டிக்கொள்வது அதில் அதிகம். ஊடையின் வெள்ளை அழுக்கு நீலமாகும். பாக்கெட்டுக்குள் தைத்த வெள்ளைத் துணி வானநீலமாகும். தொழிலில் இதற்கு பேக்ஸ்டெயின் என்று பெயர். நடுநிலை வகை பிஎச் 6க்கும் 7க்கும் இடையில் மெதுவாக வேலை செய்து, துணியின் பலத்தையும் வெள்ளையையும் காக்கிறது. என்னைக் கேட்டால், நேரம் கொஞ்சம் கூடினாலும் நடுநிலை வகையையே எடுப்பேன். அமில வகையில் மிச்சமாகும் பணம் பேக்ஸ்டெயினைக் கழுவும் சோப்பிலும் நீரிலும் போய்விடுகிறது.

எங்கள் மாவட்டத்து நீர் இந்த விஷயத்தில் ஒரு தனிக் குணம் காட்டும். கருங்கல் பாறைக்கு அடியிலிருந்து வரும் போர்வெல் நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுதி. ஃபுளோரைடு கலந்த இந்நீருக்கு மாற்றாகத்தான் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அமைலேஸுக்குக் கால்சியம் நல்லது; அது அந்தப் புரதம் சூட்டில் குலையாமல் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் செல்லுலேஸ் குளியலுக்கு வரும்போது பைகார்பனேட் தொல்லை கொடுக்கும். அசிடிக் அமிலம் ஊற்றி பிஎச் 5க்குக் கொண்டுவந்து திருப்தியோடு திரும்புவோம். பைகார்பனேட்டால் பிஎச் கால் மணி நேரத்தில் மெல்ல ஏறி 6ஐ நெருங்கியிருக்கும், அமில நொதி சோம்பி நிற்கும். திருப்பூரிலிருந்து வந்திருந்த எங்கள் மாஸ்டர் முதல் வாரம் முழுவதும் நொதியைக் குறை சொல்லி, பிறகு பிஎச் தாளைக் கையில் எடுத்தார். "தம்பி, மருந்து மேல தப்பில்ல, தண்ணி மேலதான்" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. அதன் பிறகு அமிலத்தை ஒரே தடவையாக ஊற்றாமல், பிஎச் மாறாமல் பிடித்துவைக்கும் பஃபர் சேர்த்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து பார்ப்பது பழக்கமாயிற்று.

நொதிக்கு வேலை கொடுப்பதைவிட அதை நிறுத்துவதுதான் கடினம். வேண்டிய ஷேட், அதாவது நிற அளவு, வந்தவுடன் சோடா ஆஷ் என்னும் காரத்தைப் போட்டு பிஎச்சை 10 வரை உயர்த்தி, 80 டிகிரிக்குச் சூடேற்றிப் பத்து நிமிடம் சுழற்றினால்தான் அந்தப் புரதம் குலைந்து வேலையை விடும். ஒரு மழைக்கால இரவில் பாய்லருக்கு வைத்திருந்த விறகு நனைந்து நீராவி இறங்கிவிட்டது. ஷேட் வந்துவிட்டதே என்று, நான் குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, ஹைட்ரோ என்னும் பிழியும் மிஷினில் பிழிந்து, ஈரத்தோடு டிராலியில் குவித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பிழிந்த துணியின் ஈரத்திலும் இழையைப் பற்றிக்கொண்ட நொதி இருந்தது. குவியலின் நடுவில் சூடும் இருந்தது. காலையில் டம்ப்ளர் மிஷினில் உலர்த்தி எடுத்தபோது நிறம் நன்றாகத்தான் இருந்தது. சரிபார்க்கும் பெண் ஒரு ஜீன்ஸின் பெல்ட் லூப்பில் விரலை விட்டு வழக்கம்போல இழுத்தாள். லூப் கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. குவியலின் மேலேயும் ஓரத்திலும் இருந்தவை தப்பின, நடுவில் இருந்தவற்றில் ஏறக்குறைய அறுபது உருப்படிகள் வீணாயின. அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள். பிடித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் விறகுக்கு மேல் ஒரு தார்ப்பாய் வாங்கிப் போடச் சொல்லி நான் இரண்டு வாரமாகக் கேட்டதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பிளீச்சின் இடத்துக்கு வந்தது லாக்கேஸ். ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் 1883ஆம் ஆண்டு யோஷிடா என்னும் வேதியியலாளர் கண்ட இந்த நொதி, தன் மூலக்கூறுக்குள் செம்பு அணுக்களை வைத்திருக்கிறது. இன்று இதைப் பூஞ்சைகளிலிருந்தே எடுக்கிறார்கள். ஜீன்ஸுக்கென்று 1996 முதல் இது சந்தையில் கிடைக்கிறது. செல்லுலேஸுக்கு நேர்மாறாக இது பருத்தியைத் தொடுவதில்லை, நீலத்தை மட்டுமே தாக்குகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனைக்கொண்டு இண்டிகோ மூலக்கூறை நடுவில் உடைத்து ஐசாட்டின் போன்ற நிறம் குறைந்த சிறு துண்டுகளாக்கும். ஆக்சிஜன் நீராக முடியும். பருமனான இந்நொதியால் நீலத் துகளை நேரடியாக எட்ட முடியாததால், இடையில் ஓடி வேலை செய்ய ஒரு சிறு மூலக்கூறு வேண்டும். அந்தத் துணைப்பொருளின் விலைதான் இம்முறையின் சுமை. துணியின் பலம் குறையாது, லைக்ரா என்னும் நீளும் இழை கலந்த துணியும் கெடாது, பாக்கெட்டில் ஏறிய பேக்ஸ்டெயினும் போய்விடும். ஆனால் லாக்கேஸில் வெளுத்த ஜீன்ஸில் ஒரு சாம்பல் சாயல் தங்கும். குளோரின் பிளீச் தரும் பளிச்சென்ற வானநீலத்தைக் கேட்டு ஆர்டர் வந்தால் நொதியால் அதைத் தர முடிவதில்லை. வாங்குபவர் கேட்பதும் பெரும்பாலும் அந்த நீலத்தைத்தான். சல்ஃபர் கறுப்புச் சாயம் ஏற்றிய துணியிடமும் லாக்கேஸின் வேலை பலிக்காது.

விளம்பரங்களில் நொதி வாஷுக்குச் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று முத்திரை போடுகிறார்கள். கல் சேறு இல்லை, குளோரின் இல்லை, நொதியும் எளிதில் மக்கும் புரதம் என்ற அளவில் அது உண்மை. ஆனால் வெட்டப்பட்ட கஞ்சி எங்கும் மறைந்துவிடவில்லை; சர்க்கரையாகிக் கழிவுநீரில்தான் சேர்கிறது. அந்தச் சர்க்கரையை உண்ணும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து உண்டுவிடும் என்பதால், சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால் மீன் சாகும். உதிர்ந்த நீலமும் பஞ்சுத் தூசியும் அப்படியே நீரில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு குளியலுக்கும் இடையில் அலசும் நீரும் குறைவதில்லை. கஞ்சி எடுப்பதையும் செல்லுலேஸ் வேலையையும் ஒரே குளியலில் முடிக்கும் நடுநிலை நொதிக் கலவை ஒன்றுதான் உண்மையில் நீரை மிச்சப்படுத்துகிறது. நொய்யல் ஆற்றின் நிலை கண்டு 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத ஏற்பாடு இருந்தால்தான் மீண்டும் திறக்கலாம் என்றதும் தொழிலில் இருப்பவர் அனைவரும் அறிந்ததே. தென்பெண்ணையில் வெள்ளம் வரும் நாட்களில் ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரை மலைபோல எழுந்து சாலைவரை வருவதைப் பார்த்தவன் என்ற முறையில், மிஷினுக்குள் எந்த நொதி ஊற்றப்படுகிறது என்பதைவிட, மிஷினிலிருந்து வெளியேறும் குழாய் எங்கே போய் முடிகிறது என்பதையே நான் முதலில் கேட்பேன். வேலை செய்பவரின் மூச்சையும் கேட்பேன்: தூள் நொதியைத் திறந்து கொட்டினால் அந்தத் தூசி ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஆகவே திரவ வடிவமே நல்லது.

என் சோதனையில் வெளியேறிய நீர் ஒரு வாளிதான். கேழ்வரகுச் சக்கையை அம்மா மாட்டுக்கு வைத்துவிட்டார்கள். துணியை அலசிய நீரை மட்டும் கொட்டாமல் வாளியிலேயே விட்டு வைத்தேன். மறுநாள் காலையில் மேல்நீர் தெளிந்து, இலேசான கூழ் வாடையோடு நின்றது. அதைச் சாய்த்துக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிய பிறகு வாளியின் அடியில் மெல்லிய படலமாக நீலம் படிந்திருந்தது. கரையாத பொருள் என்பதால் அது போக வேறு இடமில்லை. விரலால் வழித்தேன், மூன்று முறை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் மிச்சம் இருந்தது.